ஊத் பழகுவோர் கேட்பவை: இந்தப் பாட்டு எந்த மகாம்?

மீட்டி வாசிக்கும் தந்தி வாத்தியமான அரபு ஊத்தைக் கையில் எடுத்த தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மகாம் என்பது நம் ராகம்போல அரபு இசையில் உள்ள சுர அமைப்பு. கர்நாடக இசை கொஞ்சம் காதில் பட்டவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ராகப் பெயர்கள் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, அந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

சுரங்களுக்கு அரபு ஆசிரியர்கள் சொல்வதுபோலவே தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி என்ற பெயர்கள். அரைச் சுரம் இறக்கினால் பெமோல், ஏற்றினால் தியெஸ். மி-க்கும் மி பெமோலுக்கும் நடுவில் விழுகிற சுரத்தை இந்தப் பக்கத்தில் ‘நடு மி’ என்றே சொல்கிறேன். சி-க்கும் அப்படியே ‘நடு சி’.

பாட்டில் வரும் சுரங்களையெல்லாம் பட்டியல் போட்டுவிட்டேன். அப்படியும் மகாம் பிடிபடவில்லையே?

பட்டியலில் இருந்து தொடங்கியதுதான் சிக்கல். தோ, ரே, நடு மி, ஃபா, சோல், லா, நடு சி என்று ஏழு சுரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இது ராஸ்த் ஆகலாம், ஸீகாஹ் ஆகலாம், மேலே சி கொஞ்சம் இறங்கினால் பயாத்தியும் ஆகலாம். பாட்டு தோ-வில் போய் உட்கார்ந்தால் ராஸ்த், ரே-யில் உட்கார்ந்தால் பயாத்தி, நடு மி-யில் உட்கார்ந்தால் ஸீகாஹ். கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை.

அதனால் முதலில் ஆதார சுரத்தைப் பிடியுங்கள். அப்புறம் அதற்கு நேர் மேலே உள்ள மூன்று நான்கு சுரங்களின் இடைவெளியைப் பாருங்கள். மேல்பாதிக்குக் கடைசியில் வாருங்கள். சுரப்பட்டியல் தானாக வந்துவிடும், அதற்கென்று தனியாக மெனக்கெட வேண்டாம்.

தம்புரா இல்லை, சுருதிப்பெட்டி இல்லை. ஆதார சுரம் எது என்று எப்படித் தெரியும்?

நம்மவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். கச்சேரியில் ‘ஸ’ எது என்று நாம் தேடுவதே கிடையாது, பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அரபு இசையில் அந்த வசதி இல்லாததால் பாட்டே அதைக் காட்டிக்கொடுக்கும் இடங்களைத் தேட வேண்டும்.

முதல் இடம், ஒரு பத்தி முடிகிற முடிப்பு. அரபியில் அதைக் கஃப்லா என்பார்கள். பழைய மேடைப் பதிவு கையில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். எகிப்தியப் பாடகி உம்மு குல்தூம் ஒரு வரியை முடித்ததும் அரங்கம் ‘அல்லாஹ்!’ என்று கத்தும், கைதட்டும். அந்தச் சத்தத்துக்கு ஒரு நொடி முன்னால் என்ன சுரம் ஒலித்தது என்று பாருங்கள். எந்த இடத்தில் பாட்டு முழுமையாக வந்து அமர்ந்தது என்பது அந்த ரசிகர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டாவது இடம், பாடகர் மூச்சு வாங்கும்போது வாத்தியங்கள் வாசிக்கும் சின்ன நிரப்பு. இதற்கு லாஸிமா என்று பெயர். பாடகரின் குரல் மேலே எங்காவது தொங்கிக்கொண்டிருந்தாலும், லாஸிமா பல சமயம் ஆதாரத்துக்கே இறங்கி வரும்.

முதல் சுரத்தை மட்டும் நம்ப வேண்டாம். பாட்டு ஐந்தாவது சுரத்திலோ மேல் ஸ்தாயியிலோ ஆரம்பிப்பது சர்வசாதாரணம்.

கண்டுபிடித்த சுரம் சரியா என்று சோதிக்க, பாட்டை நிறுத்திவிட்டு அந்தச் சுரத்தை வாயால் நீட்டிப் பாருங்கள். ‘முடிந்தது’ என்ற நிறைவு வந்தால் சரி. ‘இன்னும் ஏதோ பாக்கி’ என்று தோன்றினால் பெரும்பாலும் நீங்கள் நான்காவது அல்லது ஐந்தாவது சுரத்தில் நிற்கிறீர்கள்.

ஜின்ஸ் என்று சொல்கிறார்களே, அது என்ன?

மகாம் கட்டப்படும் துண்டு. மூன்று, நான்கு அல்லது ஐந்து அடுத்தடுத்த சுரங்கள், அவற்றுக்கிடையே ஒரு குறிப்பிட்ட இடைவெளி அமைப்பு. பன்மையில் அஜ்னாஸ். கீழே ஒரு ஜின்ஸ், அதன் தோளில் ஏறி இன்னொரு ஜின்ஸ், இரண்டும் சேர்ந்தால் எட்டுச் சுர வரிசை. கீழ் ஜின்ஸ்தான் மகாமின் குடும்பத்தைத் தீர்மானிக்கிறது. மேல் ஜின்ஸ் மாறினால் குடும்பத்துக்குள் பெயர் மாறும், அவ்வளவே. கீழே ராஸ்த், மேலே சோல்-இலிருந்து ஹிஜாஸ் என்று வந்தால் அது ஸூஸ்னாக். கீழே பயாத்தி, மேலே ஹிஜாஸ் என்றால் பயாத்தி ஷூரி. தொடக்கத்தில் இந்த உட்பெயர்கள் தேவையில்லை. ‘ராஸ்த் குடும்பம்’ என்று சொல்லத் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மேள வரிசைபோல ஏழு சுரத்தையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் இங்கே விட்டுவிட வேண்டும். அரபுப் பாட்டு பெரும்பாலும் ஒரு ஜின்ஸுக்குள்ளேயே கொஞ்ச நேரம் சுற்றும், அப்புறம்தான் அடுத்ததற்குப் போகும். கேட்பதும் அப்படித் துண்டு துண்டாகவே இருக்கட்டும்.

ஆதாரம் கிடைத்துவிட்டது. கீழ் ஜின்ஸை எப்படிப் பிரித்தறிவது?

ஆதாரத்திலிருந்து இரண்டாவது சுரத்துக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

முழுச் சுரம் ஏறினால் மூன்றாவது சுரத்தைக் கவனியுங்கள். அது உயர்ந்தது என்றால் அஜம், தாழ்ந்தது என்றால் நஹாவந்த், இரண்டுக்கும் நடுவில் என்றால் ராஸ்த். நஹாவந்த் மாதிரியே இருக்கிறது, ஆனால் நான்காவது சுரம் அரைச் சுரம் உயர்ந்து நிற்கிறது என்றால் அது நிக்ரீஸ்.

அரைச் சுரம் மட்டும் ஏறினால் குர்த் அல்லது ஹிஜாஸ். அடுத்து முழுச் சுரம் வந்தால் குர்த். பெரிய தாவல் ஒன்று வந்தால் ஹிஜாஸ். அந்தத் தாவலைத் தவறவிட முடியாது, ‘அரபு நாட்டுக் காட்சி’ என்றாலே சினிமா பின்னணி இசையில் வாசிப்பது அதைத்தான். ஒரு சின்ன விஷயம்: பியானோவில் வாசிக்கும் ஹிஜாஸைவிட ஊத்தில் நல்ல வாசிப்பாளர் வாசிக்கும் ஹிஜாஸில் அந்த இடைவெளி கொஞ்சம் குறுகியிருக்கும். இரண்டாவது சுரம் ஒரு பொட்டு மேலே, மூன்றாவது ஒரு பொட்டு கீழே.

முக்கால் சுரம் ஏறினால் மூன்று வாய்ப்புகள்: பயாத்தி, ஸபா, ஸீகாஹ். ரே, நடு மி, ஃபா, சோல் என்று போனால் பயாத்தி. நான்காவது சுரம் சோல் பெமோலாகச் சுருங்கிவிட்டால் ஸபா. ஸபாவுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. மேல் ஸ்தாயியில் ரே-யை எதிர்பார்த்துப் போனால் அங்கே ரே பெமோல் நிற்கும், ஸ்தாயி சரியாக மூடாது. ஸீகாஹில் ஆதாரமே நடு மி. அங்கிருந்து ஃபா வரை முக்கால், பிறகு சோல் வரை முழுச் சுரம்.

இவற்றில் முக்கியமான எட்டுக் குடும்பங்களை நினைவில் வைக்க அரபு மாணவர்களிடம் ‘ஸுனிஅ பிஸிஹ்ரிக்’ என்று ஒரு சொற்றொடர் புழங்குகிறது. அதன் எட்டு எழுத்தும் ஒவ்வொரு குடும்பத்தின் முதலெழுத்து: ஸபா, நஹாவந்த், அஜம், பயாத்தி, ஸீகாஹ், ஹிஜாஸ், ராஸ்த், குர்த்.

அந்த நடுச் சுரம் என் காதுக்கு அபசுரமாகத்தான் கேட்கிறது. என்ன செய்வது?

காது அதை அருகில் உள்ள பழகிய சுரத்துக்கு இழுக்கப் பார்க்கிறது. எல்லோருக்கும் நடப்பதுதான். ராஸ்தின் மூன்றாவது சுரத்தைச் சிலர் அந்தர காந்தாரம் என்பார்கள், சிலர் சாதாரண காந்தாரம் என்பார்கள். சங்கீதம் தெரிந்த இரண்டு நண்பர்கள் இதில் சண்டை போட்டால் பெரும்பாலும் இரண்டு பேரும் தவறு, அது நடுச் சுரம். நான் இதை ஒரு சோதனையாகவே பரிந்துரைப்பேன்.

வாசித்துப் பழக வழி: ரே தந்தியைத் திறந்து மீட்டுங்கள். அதே தந்தியில் ஃபா-வைப் பிடியுங்கள். இப்போது ரே-க்கும் ஃபா-வுக்கும் சரிபாதியில் விரலை வையுங்கள். ஊத்தில் ஃப்ரெட் (கிட்டாரில் உள்ளதுபோன்ற மெட்டு) கிடையாது என்பதால் விரல் தாராளமாக நகரும். ரே, நடு மி, ஃபா, நடு மி, ரே என்று மெதுவாகப் போய்வந்துகொண்டே இருந்தால், பயாத்தியின் நிறம் சில நாட்களில் காதில் ஒட்டிவிடும். வாயால் பாடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட வராத சுரத்தை விரல் கண்டுபிடிக்காது.

சரிபாதி என்றால் மிகச் சரியாகப் பாதியா?

இல்லை. காகிதத்தில் ஸ்தாயியை 24 சம பங்காகப் பிரித்து எழுதுகிறார்கள், அந்தக் கணக்கில் நடு மி, ரே-யிலிருந்து 150 சென்ட் (அரைச் சுரம் என்பது 100 சென்ட்). வாசிப்பில் ராஸ்தின் நடு மி கொஞ்சம் உயரமாகவும், பயாத்தியின் நடு மி கொஞ்சம் தாழ்வாகவும் நிற்கும். ஊருக்கு ஊரும் மாறும். 1932-ல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டுக்கு அரபு, துருக்கிய அறிஞர்களுடன் ஹங்கேரியின் பார்டோக் போன்ற ஐரோப்பிய இசைஞர்களும் வந்திருந்தார்கள். இந்த இடைவெளி அளவுகளைப் பற்றி நிறைய விவாதித்தும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ட்யூனர் முள்ளைப் பார்த்து நடுச் சுரம் பிடிப்பதைவிட, உங்களுக்குப் பிடித்த ஒரு வாசிப்பாளரின் பதிவோடு சேர்ந்து வாசித்துப் பிடிப்பதே மேல்.

ராக ஞானம் இதற்கு உதவுமா, குழப்புமா?

பாதி மகாம்களுக்கு நிறைய உதவும், மீதிக்குக் குழப்பும். நடுச் சுரம் இல்லாதவை நேராகவே பொருந்துகின்றன. அஜம் சங்கராபரணத்தின் சுரங்கள். குர்த் ஹனுமத்தோடி. நஹாவந்த் மேலே ஹிஜாஸோடு வந்தால் கீரவாணி, மேலே குர்த்தோடு வந்தால் நடபைரவி. ஹிஜாஸ் கார் என்ற மகாமில் மாயாமாளவகௌளையின் சுரங்கள் அப்படியே இருக்கின்றன. நிக்ரீஸ் ஹேமவதி. நவா அஸர் என்ற மகாம் சிம்மேந்திர மத்தியமம்.

ஹிஜாஸில்தான் நம் காது அவசரப்படும். சரளி வரிசையே மாயாமாளவகௌளையில் பழகியவர்கள் என்பதால், ரிஷபமும் காந்தாரமும் காதில் விழுந்தவுடன் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவோம். நிஷாதம் வரை பொறுங்கள். வெறும் ஹிஜாஸில் அது கைசிகி நிஷாதம், ஆகவே வகுளாபரணம்தான் பக்கம். அதிலும் மேலேறும்போது பல இடங்களில் சோல்-இலிருந்து ராஸ்த் ஜின்ஸ் வந்து நடு சி-யைக் கொண்டுவரும், இறங்கும்போது சி பெமோல் திரும்பிவிடும்.

ராஸ்த், பயாத்தி, ஸீகாஹ், ஸபா இந்த நான்குக்கும் மேளகர்த்தாவில் சமம் தேட வேண்டாம். பயாத்தியைத் தோடியாகவோ கரகரப்பிரியாவாகவோ நினைத்துக் கேட்டால் அதன் உயிரே போய்விடும். பொருந்துகிற இடத்திலும் சுரங்கள்தான் பொருந்துகின்றன. தோடியின் கமகத்தைக் குர்த்தில் போட்டால் அரபு ஆசிரியர் முகம் சுளிப்பார்.

பாட்டு நடுவில் வேறு மகாமுக்குப் போய்விடுகிறது. அப்போது எந்தப் பெயரைச் சொல்வது?

தொடங்கிய, திரும்பி வந்து முடிகிற மகாமின் பெயரை. நீண்ட பாட்டில் நான்கைந்து மகாம்கள் வந்துபோவது சகஜம், அது குழப்பமல்ல, இசையமைப்பாளரின் கைவண்ணம். பல்லவிபோல மீண்டும் மீண்டும் வரும் பகுதி எங்கே அமர்கிறதோ அதுவே வீடு.

முகம்மது அப்துல் வஹாப் இசையமைத்து உம்மு குல்தூம் 1964-ல் பாடிய ‘இன்த உம்ரி’யை எடுத்துக்கொள்வோம். பாட்டு குர்த். நீண்ட முன்னிசையில் எலெக்ட்ரிக் கிட்டார் வரும். குர்த்தில் நடுச் சுரம் இல்லை என்பதால் ஃப்ரெட் போட்ட வாத்தியம் அங்கே இடறாமல் வாசிக்க முடிகிறது. பின்னால் பாட்டு வேறு மகாம்களுக்கு நகர்ந்தாலும் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அதே வரிக்கு, அதே குர்த்துக்குத் திரும்பிவிடும். பயிற்சிக்கு நல்ல பாட்டு. முதல் தடவை கேட்கும்போது திரும்பும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், நடுவில் நடப்பதை அப்புறம் பார்க்கலாம்.

மாற்றம் நடக்கிற இடத்தையும் ஓரளவு முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். ராஸ்த், நஹாவந்த் இரண்டிலும் ஐந்தாவது சுரம் திருப்புமுனை. பயாத்தி, ஹிஜாஸ், குர்த்தில் நான்காவது. ஸபாவில் மூன்றாவது. அந்தச் சுரத்தில் பாட்டு கொஞ்சம் அதிகமாக நின்றால் மேலே ஏதோ மாறப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

நான் நஹாவந்த் என்றேன். ஆசிரியர் ஃபரஹ்ஃபஸா என்கிறார். யார் சரி?

இரண்டு பேரும். நஹாவந்த் வழக்கமாகத் தோ-வில் இருக்கும். அதையே சோல்-இலிருந்து வாசித்தால் ஃபரஹ்ஃபஸா என்று தனிப்பெயர். அப்படியே குர்த்தைத் தோ-வில் வைத்தால் ஹிஜாஸ் கார் குர்த், ஹிஜாஸ் காரைச் சோல்-இல் வைத்தால் ஷத் அரபான். ஸீகாஹ் குடும்பத்து ஹுஸாமை நடு சி-யில் வைத்தால் ராஹத் அல்-அர்வாஹ். ரியாத் அல்-ஸுன்பாத்தி இசையமைத்து 1966-ல் உம்மு குல்தூம் பாடிய ‘அல்-அத்லால்’ இந்தக் கடைசி வகை.

சுரம் மாறாமல் பெயர் மாறுவதும் உண்டு. ஹுஸைனியில் வருவன பெரும்பாலும் பயாத்தியின் சுரங்களேதான், ஆனால் பாட்டு ஐந்தாவது சுரமான லா-வைச் சுற்றி நிறையத் திரியும். இந்த நடைபாதையை ஸைர் என்பார்கள். ஒரே ஆரோகண அவரோகணத்தில் வேறு ராகங்கள் இருப்பதை ஏற்றுக்கொண்ட நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

பதிவில் பாடகர் வேறு சுருதியில் பாடுகிறார். என் ஊத்தில் பொருந்தவில்லை.

பாடகர் தன் குரலுக்கு ஏற்ற சுருதியை வைத்துக்கொள்வார். மகாமைக் கண்டுபிடிக்க இது தடையே இல்லை, இடைவெளிகள்தான் முக்கியம். கண்டுபிடித்த பிறகு அதன் வழக்கமான இடத்துக்கு மாற்றி வாசியுங்கள். இன்று பரவலாக உள்ள அரபுச் சுருதி, தாழ்விலிருந்து உயரமாகத் தோ, ஃபா, லா, ரே, சோல், தோ. ரே-யில் அமரும் பயாத்தி, ஹிஜாஸ், குர்த், ஸபாவுக்குத் திறந்த ரே தந்தி துணைக்கு நிற்கும். தோ-வில் அமரும் ராஸ்துக்குக் கீழே ஒரு தோ, மேலே ஒரு தோ, நடுவில் சோல் எல்லாமே திறந்த தந்திகள்.

துருக்கி ஊத், துருக்கி நோட்டேஷன் என்றால் கணக்கே வேறு. அங்கே ராஸ்தைச் சோல்-இல் எழுதுவார்கள். அரபு, துருக்கி இரண்டு காகிதங்களையும் முதல் வருடத்தில் கலக்காமல் இருப்பது நல்லது.

சோகமாக இருந்தால் ஸபா, மகிழ்ச்சியாக இருந்தால் அஜம். இந்தக் குறுக்குவழி சரியா?

ஸபாவுக்கு ஓரளவு சரி. மற்றவற்றுக்கு நம்ப வேண்டாம். தாளமும் வேகமும் சேர்ந்தால் ஹிஜாஸில் குத்தாட்டமும் வரும், ஒப்பாரியும் வரும்.

எந்தப் பாட்டுகளில் தொடங்கலாம்?

விடை தலைப்பிலேயே எழுதியிருக்கும் உருப்படிகளில். ஸமாயி, லோங்கா போன்ற வாத்திய உருப்படிகளுக்கு மகாமின் பெயரைச் சேர்த்தே பெயர் வைப்பது மரபு. இப்ராஹிம் அல்-அர்யானின் ஸமாயி பயாத்தி, துருக்கியின் மெசுத் ஜெமிலுடைய ஸமாயி நஹாவந்த் இரண்டும் ஊத் மாணவர்கள் பெரும்பாலோர் வாசிப்பவை. அதற்கும் முன்னால் தூலாப்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மகாமுக்கும் ஒன்று என்று சில வரிகளே நீளும் சின்ன முன்னிசை. தூலாப் ராஸ்த், தூலாப் பயாத்தி, தூலாப் ஹிஜாஸ் மூன்றையும் மனப்பாடமாக வைத்திருப்பவர் புதுப் பாட்டைக் கேட்டதும் ‘இது அந்தத் தூலாப் வாசனை’ என்று பிடித்துவிடுவார். புத்தகத்தில் எழுதிய சுர வரிசைகளைவிட இவற்றை மனப்பாடம் செய்வதில் பலன் அதிகம் என்பது என் தீர்மானமான கருத்து.

பாட்டுகளில், நஹாவந்துக்கு ‘லம்மா பதா யததஸன்னா’ என்ற பழைய முவஷ்ஷஹ் (அரபுப் பாடல் வகை). பத்து எண்ணிக்கைத் தாளம் முதலில் காலை வாரும், மெட்டு சுலபம். ராஸ்துக்கு ஸகரிய்யா அஹ்மதின் ‘ஃகன்னீலி ஷுவய்ய ஷுவய்ய’. ஹிஜாஸுக்கு அலெப்போ ஊரின் ‘கத்துக்கல் மய்யாஸ்’, ஸபாஹ் ஃபக்ரி பாடியது. ஸபாவுக்கு உம்மு குல்தூமின் ‘ஹுவ்வ ஸஹீஹ்’.

செயலியில் பாட்டைக் கொடுத்தால் மகாம் சொல்லிவிடாதா?

வேகத்தைக் குறைக்கவும், ஒரு வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிடவும் செயலி நல்ல துணை. நடுச் சுரத்தைப் பன்னிரண்டு சுரத்துக்குள் அடக்கிவிடும் ஸ்கேல் கண்டுபிடிப்பான்களிடம் மட்டும் போகாதீர்கள். ராஸ்தைக் கொடுத்தால் அவை மேஜர் என்றோ மைனர் என்றோ ஏதாவது ஒன்றைத் துணிந்து சொல்லும்.

பள்ளிவாசல் பாங்கிலும் மகாம் உண்டா?

உண்டு. நம் தெருவில் கேட்கும் பாங்கை வைத்தே பழகலாம். ஹிஜாஸும் ராஸ்தும் பாங்கில் பரவலாக வருகின்றன. துருக்கியில் வேளைக்கு ஒரு மகாம் என்று மரபே இருக்கிறது: விடியலுக்கு ஸபா, பிற்பகலுக்கு ராஸ்த், மாலைக்கு ஸீகாஹ், இரவுக்கு ஹிஜாஸ். எகிப்திய பாணி கிராஅத்தில் (குர்ஆன் ஓதலில்) ஓதுபவர் வழக்கமாகப் பயாத்தியில் தொடங்கிப் பயாத்தியிலேயே முடிப்பார். வாத்தியம் இல்லாத தனிக்குரல் என்பதால் ஜின்ஸ் பளிச்சென்று கேட்கும்.

‘இராக்கிய மகாம்’ என்பதும் இதேதானா?

பெயர் ஒன்று, பொருள் வேறு. அது பாக்தாத்தைச் சுற்றி வளர்ந்த பாடல் மரபு. அதில் ஒரு மகாம் என்றால் சுர அமைப்போடு, எந்த வரிசையில் என்னென்ன பாட வேண்டும் என்ற கட்டுக்கோப்பும் சேர்ந்த முழு உருப்படி.

தேர்ந்த இரண்டு பேர் ஒரே பாட்டுக்கு இரண்டு மகாம் சொல்கிறார்கள். நான் யாரைக் கேட்பது?

முதலில் அவர்கள் எங்கே பிரிகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் பயாத்தி, இன்னொருவர் ஹுஸைனி என்றால் கீழ் ஜின்ஸில் இருவரும் ஒன்றுதான், நீங்கள் வாசிக்கப் போவதில் பெரிய வித்தியாசம் வராது. ஒருவர் ராஸ்த், இன்னொருவர் பயாத்தி என்றால் ஆதார சுரத்திலேயே பிரிகிறார்கள், அப்போது பாட்டின் கடைசி கஃப்லாவை இருவர் முன்னாலும் ஓடவிட்டு அது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் அங்கேயே வந்துவிடும். அதற்குப் பிறகும் இருவரும் விடாமல் வாதாடினால், ஊத்தை அவர்கள் கையில் கொடுத்து அந்த மகாமில் ஆளுக்கொரு தக்ஸீம் (நம் ராக ஆலாபனை போன்ற தனி வாசிப்பு) வாசிக்கச் சொல்லுங்கள். எந்தத் தக்ஸீம் முடிந்து பாட்டைத் தொடங்கும்போது இடறல் இல்லையோ, அவர் சொன்ன பெயரை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.